சிறு தொகைக்குப் பெருஞ்சுங்கம்

உண்டியல் என்றவுடன் ஆலயத் தூணோரம் இருக்கும் காணிக்கைப் பெட்டிதான் நம்மில் பலருக்கு நினைவில் வரும். ஆனால் விராலிமலை போன்ற வானம் பார்த்த பூமியில், பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் குடும்பங்களிடையே அச்சொல்லுக்கு மற்றொரு பொருளும் உண்டு. சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ வளைகுடா நாடுகளிலோ உழைக்கும் மகன் அங்கே ஒருவரிடம் பணத்தைக் கொடுக்கிறான். அதற்குரிய ரூபாயை இங்கே வேறொருவர் வீடு தேடி வந்து எண்ணிக் கொடுக்கிறார். இடையில் வங்கி இல்லை, படிவம் இல்லை, இரசீதும் இல்லை.

இதனைச் சட்டம் ஏற்பதில்லை. 1999ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் இத்தகைய வழிகளைத் தடை செய்கிறது. சிங்கப்பூரிலும் உரிமம் இன்றி இத்தொழில் நடத்துவது தண்டனைக்குரிய குற்றம். எனவே படித்தவர்கள் எளிதாகத் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள்: ‘உண்டியலில் பணம் அனுப்புகிறவன் நாட்டுக்குத் துரோகம் செய்கிறான்.’ இத்தீர்ப்பு அநீதியானது என்பதே என் வாதம்.

உண்டியலுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. அதனால் ஏமாந்தவர் முறையிட ஓர் அலுவலகம் இல்லை. முன்பின் தெரியாத ஒருவரின் கணக்கிலிருந்து வந்து விழும் தொகை குற்றத்தில் ஈட்டியதாக இருந்துவிட்டால், ஒன்றும் அறியாத தாயின் வங்கிக் கணக்கு முடக்கப்படும். இவ்வளவு ஆபத்து இருந்தும் ஒரு கட்டடத் தொழிலாளி ஏன் அந்த வழியை நாடுகிறான்? இக்கேள்வியைக் கேட்காமல் அவனைக் குற்றம் சாட்ட நமக்கு உரிமை இல்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு நிறுவனம் ஒரு முறை பணம் அனுப்ப 6 டாலர் கட்டணம் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். 1000 டாலர் அனுப்பும் பொறியாளருக்கு அது நூற்றுக்கு முக்கால் டாலரும் ஆகாது. 200 டாலர் அனுப்பும் தொழிலாளிக்கு அதுவே நூற்றுக்கு 3. பிள்ளையின் மருந்துக்கென்று அவசரமாக 100 டாலர் அனுப்பும் வீட்டுப் பணிப்பெண்ணுக்கோ நூற்றுக்கு 6. யார் குறைவாகச் சம்பாதிக்கிறாரோ அவரே அதிகச் சுங்கம் கட்டுகிறார்.

‘கட்டணமே இல்லை’ என்று பலகை மாட்டியிருக்கும் இடங்களில் சுங்கம் வேறொரு வாசல் வழியாக நுழைகிறது. சந்தையில் ஒரு டாலருக்கு 65 ரூபாய் என்று இருக்கும் நாளில் 64 ரூபாய் என்று கணக்கிட்டால், 300 டாலர் அனுப்புகிறவனிடமிருந்து 300 ரூபாய் ஓசையின்றி மறைந்துபோகும். இரசீதில் அந்த இழப்பைக் காட்டும் வரி எதுவும் இராது.

இது தனிமனிதரின் புலம்பல் அன்று. 200 டாலர் அனுப்புவதற்கான உலகச் சராசரிச் செலவு 2024இல் 6 விழுக்காட்டுக்கும் மேல் இருந்ததாக உலக வங்கி கணக்கிட்டிருக்கிறது. இதனை 2030க்குள் 3 விழுக்காட்டுக்கும் கீழே கொண்டுவருவோம் என்று ஐக்கிய நாடுகள் சபையில் உலக நாடுகள் 2015இல் உறுதி கூறின. போட்டி மிகுந்த சிங்கப்பூர், வளைகுடா வழிகளில் செலவு சராசரியைவிடக் குறைவுதான். ஆயினும் ஏழையின் சிறு தொகைக்கே சுமை அதிகம் என்ற முறைகேடு அங்கும் மாறவில்லை.

இந்தப் பணத்தால் யாருக்குப் பெருமை என்பதையும் பாருங்கள். ஓராண்டில் வெளிநாட்டுவாழ் மக்களிடமிருந்து 10,000 கோடி டாலருக்கு மேல் பெற்ற முதல் நாடு என்ற பெயரை 2022இல் இந்தியா பெற்றது. 2023–24ஆம் ஆண்டுக்கான ரிசர்வ் வங்கியின் ஆய்வுப்படி, அவ்வாறு வரும் பணத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தமிழகத்துக்கு வருகிறது. பயணிகளுக்காகத் திருச்சி விமான நிலையத்தில் 2024இல் பெரிய புதிய முனையம் திறக்கப்பட்டது. ஆள் போவதற்கு வாசலை அகலப்படுத்திய நாம், அவன் கூலி வீடு வந்து சேரும் வாசலை அதே அக்கறையோடு அகலப்படுத்தினோமா?

கத்தோலிக்கர் பெரும்பான்மையாக வாழும் பிலிப்பைன்ஸ் நாட்டின் வரலாறு இங்கே நமக்குப் பாடமாகும். 1982இல் அதிபர் மார்க்கோஸ் ஓர் ஆணை பிறப்பித்தார். வெளிநாட்டில் பணிபுரிவோர் தம் ஊதியத்தில் பெரும் பகுதியைக் கட்டாயமாக வங்கி வழியாகவே அனுப்ப வேண்டும், வீட்டுப் பணியாளர் பாதி, கட்டடத் தொழிலாளரும் கப்பல் பணியாளரும் அதற்கும் மேல், மீறினால் தண்டனை. ஹாங்காங்கில் பணிபுரிந்த பிலிப்பினோப் பெண்கள் திரண்டு எதிர்த்தனர். 1985இல் தண்டனைப் பிரிவுகள் விலக்கிக்கொள்ளப்பட்டன. சட்டத்தின் கைத்தடி அங்கே தோற்றது.

பாதையைத் திறந்துவிட்டது கைபேசிதான். 2003இல் அந்நாட்டு ஸ்மார்ட் நிறுவனம் கைபேசியில் பேசும் நேரத்தை மிகச் சிறு தொகைகளாகப் பிரித்து விற்கத் தொடங்கியது. ஒருவர் தம்மிடம் உள்ளதில் ஒரு பகுதியை மற்றொருவருக்கு அனுப்பவும் முடிந்தது. கடல் கடந்த மகள் தாயின் கைபேசிக்கு ‘லோடு’ அனுப்பும் வழக்கமும் பரவியது. பேசும் நேரம் சென்ற பாதையில் பணமும் செல்லத் தொடங்கியது. ஸ்மார்ட் நிறுவனத்தின் பணம் அனுப்பும் சேவையும், குளோப் நிறுவனத்தின் ஜிகேஷும் 2004இல் வந்தன. தெருமுனைக் கடையே பணம் பெறும் இடமாயிற்று. சிறு தொகை கைமாறுவதற்குப் பெரிய கட்டடமும் நீண்ட வரிசையும் தேவையில்லை என்பது இருபது ஆண்டுகளுக்கு முன்பே உலகறிந்த உண்மை.

நம் நாட்டிலும் நல்ல தொடக்கம் நிகழ்ந்திருக்கிறது. 2023 பிப்ரவரி 21 அன்று இந்தியாவின் யுபிஐ முறையும் சிங்கப்பூரின் பேநவ் முறையும் இணைக்கப்பட்டன. கைபேசி வழியே பணம் சில நொடிகளில் வந்து சேரும் இந்த ஏற்பாட்டில், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் தொடக்கத்திலேயே இடம்பெற்றன. அமீரகத்தோடு இத்தகைய இணைப்புக்கான புரிந்துணர்வு ஒப்பந்தம் அதே ஆண்டு ஜூலையில் கையெழுத்தானது. ஆனால், கையெழுத்து இட்டதாலும் விழா எடுத்ததாலும் கடமை முடிந்துவிடாது. தொழிலாளர் விடுதியில் தங்கியிருப்பவனுக்கு அவன் மொழியில் யார் இதைக் கற்றுக்கொடுத்தார்கள்? ஊரில் இருக்கும் அவன் மனைவியின் வங்கிக் கணக்கை யார் இதற்கேற்ப அமைத்துக் கொடுத்தார்கள்?

கைபேசி வாசலிலும் ஒரு சுங்கச்சாவடி முளைத்திருக்கிறது. வங்கியின் கடவு எண் வருவது கைபேசிக்கு. அந்தக் கைபேசி உயிரோடிருக்க மாதந்தோறும் ‘ரீசார்ஜ்’ செய்தாக வேண்டும். 2018இன் இறுதியில் நம் தொலைபேசி நிறுவனங்கள், அழைப்பு வருவதற்குக்கூடக் குறைந்தபட்சக் கட்டணம் என்ற முறையைக் கொண்டுவந்தன. இணையம் பார்க்கத் தெரியாத முதிய தாயும் இணையத்துக்குச் சேர்த்தே பணம் கட்டும் நிலை பின்னர் வந்தது. பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான தனித் திட்டம் வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2024 டிசம்பரில்தான் விதித்தது. பிலிப்பைன்ஸ் ஏழைக்குச் சில்லறையில் கிடைத்ததை நம் ஏழை மொத்தமாக வாங்க வேண்டியிருக்கிறது.

‘வங்கிகளுக்கும் செலவு உண்டு, கறுப்புப் பணத்தைத் தடுக்கச் சோதனைகள் வேண்டாமா?’ என்பார்கள். வேண்டும். ஆனால், மாதம் 200 டாலர் அனுப்பும் கொத்தனார் வேலை அனுமதிச் சீட்டு வைத்திருக்கிறார். முதலாளி யார், ஊதியம் எவ்வளவு என்பதெல்லாம் அரசுப் பதிவேட்டில் உள்ளன. அவரைச் சோதிக்க ஆகும் செலவு பெரிதென்று சொல்வதை ஏற்பதற்கில்லை. மறைவான வழியை ஒழிக்க விரும்பினால் நேர்வழியை மலிவாக்குங்கள். இது சட்டத்தை மீறச் சொல்லும் பேச்சன்று. சட்டம் மதிக்கப்படுவதற்கான ஏற்பாடு.

இது திருச்சபையின் கவலையா என்று எவரும் கேட்க வேண்டாம். திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1981இல் உழைப்பைக் குறித்து எழுதிய சுற்றுமடலில், பிழைப்புக்காக நாடு விட்டுச் சென்ற தொழிலாளி அந்நாட்டுத் தொழிலாளியைவிடத் தாழ்வாக நடத்தப்படலாகாது என்று வற்புறுத்தினார். அதற்கும் முன்பாக, நம் ஆண்டவர் காணிக்கைப் பெட்டியின் எதிரே அமர்ந்து, ஏழைக் கைம்பெண் இட்ட இரண்டு காசுகளையே எல்லாவற்றிலும் பெரிதென்று மதித்தார். இன்றைய பண வணிகமோ அந்த இரண்டு காசுகளையே வேண்டாத தொல்லையாகக் கருதுகிறது.

நாம் செய்யக்கூடியது என்ன? அனுப்பிய தொகை, பிடித்த கட்டணம், அன்றைய சந்தை மதிப்பு, கொடுத்த மதிப்பு ஆகிய நான்கும் ஒவ்வோர் இரசீதிலும் தமிழில் அச்சிடப்பட வேண்டும் என்று நம் பாராளுமன்ற உறுப்பினர்களிடம் மனு கொடுக்கலாம். சிறு தொகைகளுக்குக் கட்டணமே கூடாது என்று கோரலாம். பங்குதோறும் அன்பியங்களும் வின்சென்ட் தே பவுல் சபையாரும் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கி, வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ள குடும்பங்களை, அவர்கள் எச்சமயத்தவராயினும், அழைத்து அமரவைத்து, அவர்களுடைய இரசீதுகளைப் படித்துக் காட்டலாம். வங்கியில் பணியாற்றும் நம் இளைஞர்கள் வங்கிக் கணக்கைக் கைபேசியோடு இணைக்கும் முறையைக் கற்றுக்கொடுக்கலாம்.

இவற்றையெல்லாம் செய்து முடித்த பின்னரும் ஒருவன் மறைவான வழியைத் தேடினால், அப்போது அவனைக் குறை கூறுவோம். அதுவரை, குறுகிய வாசலைக் கட்டிவைத்தவர்களிடம் கேள்வி கேட்பதே நியாயம்.