கடல்மீன் கணக்கும் குருவிட்டச் சந்தையும்

மலைச்சாரலில் வாழும் நாம் கடல்மீனின் தொகையைப் பற்றி எழுதப் புகுவது யூபிலி மலர் வாசகர் சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். குருவிட்டவில் நின்று நோக்குவார்க்கு இறப்பர்த் தோட்டங்களும் தேயிலை மலைகளும் சிவனொளிபாதத் தொடருமே தெரியும்; கடல் தெரியாது. ஆயினும் எமதூர்க் குரு கங்கை களு கங்கையோடு கலந்து களுத்துறையிற் கடல் சேர்கின்றது. அதற்குச் சற்றுத் தெற்கே உள்ளது பேருவளைத் துறைமுகம். எமது மழைநீர் இறங்கிச் செல்லும் திசையிலிருந்தே மீன் எம்மிடம் ஏறி வருகின்றது.

இத்தொடர்பு இன்று நேற்று ஏற்பட்டதன்று. குருவிட்டவை அடுத்த பட்டதொம்பலேனக் குகையில், ஏறத்தாழ 30,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மக்களின் எச்சங்களோடு கடற்சிப்பிகளும் கிடைத்தன. கடற்கரையிலிருந்து நாற்பது கிலோமீற்றர் அளவு உள்நாட்டில் அவை காணப்பட்டமையால், அக்காலத்திலேயே கரையோரத்துக்கும் மலைக்கும் போக்குவரத்து இருந்ததெனத் தொல்லியலறிஞர் சிரான் தெரணியகல எடுத்துக் காட்டினார். (அவர் தந்தையார் போல் தெரணியகல இலங்கை மீன்களைப் பற்றி 1952 இல் வண்ணப்பட நூலொன்று வெளியிட்டவர் என்பதையும் ஈண்டு நினைவுகூரலாம்.) எனவே கடலைப் பற்றிப் பேச எமக்கும் உரிமை உண்டு.

நிற்க. சம்பளம் கைக்கு வந்தபின் வரும் ஞாயிற்றுக்கிழமை எமதூர்ச் சந்தைக்குச் சென்றால், மீன்கடையில் பனிக்கட்டியின் மேல் பெரிய வெண்துண்டங்கள் கிடக்கக் காணலாம். 'இஃது என்ன மீன்?' என வினவினால் 'தலபத்' என்பதே விடை. தோட்டத்துத் தாய்மார் அரைக் கிலோவோ கால் கிலோவோ வாங்கிச் செல்வர். துண்டமாகி விட்டபின் அது எவ்வகை மீன் என்பதை வாங்குவோரும் அறியார். பல வேளைகளில் விற்போரும் அறியார். தலபத் எனப்படுவது உண்மையில் தமிழ்க் கரையோரத்தார் மயில்மீன் என்று வழங்குவதாகும். அதன் முதுகுத் துடுப்பு தோகைபோல் உயர்ந்து விரிவதால் அப்பெயர் பெற்றது. அதனின் வேறாகக் கொப்பரா என்னும் பெருமீன்கள் உள. அவற்றுள் கருங்கொப்பரா, நீலக்கொப்பரா, வரிக்கொப்பரா என மூன்று வகை உண்டு. வாள்மீனோ மற்றொரு குடும்பத்தைச் சேர்ந்தது. நாம் வகுப்பில் 'கொப்பரா' என்று சொன்னபோது மாணவர் யாவரும் காய்ந்த தேங்காயையே எண்ணினர். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. மீன்கடையிலும் அப்பெயர் வழங்கக் காணோம்.

இம்மீன்கள் சாதாரணமானவையல்ல. 1953 ஓகத்து 4 ஆந் திகதி பேரு நாட்டின் கபோ பிளாங்கோவுக்கு அப்பால் அல்பிரட் கிளாசல் என்பார் தூண்டிலிட்டுப் பிடித்த கருங்கொப்பரா 1,560 இறாத்தல் நிறையுடையது. பெருந்தூண்டில் வேட்டையாளர் உலகெங்கும் போற்றும் மீன் இது. கருங்கொப்பராவிலும் நீலக்கொப்பராவிலும் மிகப் பெரியவை யாவும் பெண் மீன்களே. ஆண்மீன் அவ்வளவு வளர்வதில்லை. ஆகவே பெரிய மீனொன்றை எடுப்பது பெரும்பாலும் ஒரு தாயை எடுப்பதேயாம்.

நாம் சொல்ல வருவது இதுதான்: மீனுக்குச் சரியான பெயரிட்டு எழுதாத நாடு அம்மீனைக் காக்கவும் இயலாது, அதற்குரிய பங்கைப் பிறரிடம் கேட்டுப் பெறவும் இயலாது. பெயர் எழுதுவது எழுத்தர் வேலைதானே எனச் சிலர் எண்ணுவர். மீன்வள ஆராய்ச்சி முழுவதும் அவ்வெழுத்தர் வேலையின் மீதே நிற்கின்றது.

கடலில் உள்ள மீனை எவரும் நேரில் எண்ண முடியாது. பின் எவ்வாறு அறிஞர் கணக்கிடுகின்றனர்? தோட்டத்தில் வளர்ந்தோர்க்கு இதனை விளக்குவது எளிது. ஒரு மலையில் ஐம்பது பேர் கொழுந்து பறித்தால் ஆளுக்கு எத்தனை கிலோ கிடைத்தது என்பதைக் கொண்டே அம்மலையில் கொழுந்து நிறைந்துள்ளதா குறைந்துள்ளதா எனக் கங்காணி சொல்லி விடுவார். கடலிலும் அவ்வாறே, ஆயிரம் தூண்டிலுக்கு எத்தனை மீன் அகப்பட்டது என்று பார்க்கின்றனர். நீண்ட கயிற்றில் தூண்டில்களைத் தொடுத்து விடும் யப்பானியக் கப்பல்கள் 1952 இல் இந்து சமுத்திரத்தில் தொழில் தொடங்கின. அன்றுதொட்டு வந்த ஏடுகள் இக்கணிப்புக்குப் பெரிதும் உதவுகின்றன. எனினும் கங்காணி ஏமாறும் இடமும் உண்டு. நேற்றுப் பறித்த மலையை விட்டுப் புது மலைக்கு ஆட்களை அனுப்பினால் ஆள் ஒன்றுக்குக் கிடைக்கும் கொழுந்து குறையாது. பழைய மலை வெறுமையானமை நெடுநாள் மறைந்திருக்கும். படகுகள் ஆண்டுதோறும் தூரம் தூரமாகச் செல்லும்போது கடற்கணக்கிலும் இம்மயக்கம் புகும்.

இதனோடு மீனின் நீளமும் வயதும் அளக்கப்படுகின்றன. கொப்பராவின் துடுப்புமுள்ளை மெல்லியதாய் அறுத்துப் பார்த்தால் மரத்தில் உள்ளவை போன்ற வளையங்கள் தெரியும்; அவற்றைக் கொண்டு வயதை மதிக்கின்றனர். மீனின் உடலில் அடையாளச் சீட்டுக் குத்தி மீண்டும் கடலில் விடுவதும் ஒரு முறை. 2005 முதல் 2009 வரை நடந்த திட்டமொன்றில் 160,000 க்கு மேற்பட்ட சூரை மீன்களுக்கு இவ்வாறு அடையாளமிட்டனர். கென்யக் கரையில் பொழுதுபோக்குக்காகத் தூண்டிலிடுவோரும் மயில்மீனுக்கும் கொப்பராவுக்கும் சீட்டுக் குத்தி விடுகின்றனர்.

இவ்வளவையும் சேர்த்து அவர்கள் காண முயல்வது, ஆண்டுதோறும் எவ்வளவு எடுத்தால் மீனினம் தன்னைத் தானே நிரப்பிக்கொள்ளும் என்னும் அளவை. குருவிட்டவில் பால்வெட்டும் தொழிலாளி இதனை ஒரு நொடியில் விளங்கிக்கொள்வார். பட்டையை அளவாகச் சீவினால் இறப்பர் மரம் பல்லாண்டு பால் தரும். ஆழ வெட்டினால் அன்றைய வாளி நிறையும், பட்டை புண்பட்டுப் பின்னர் பால் வற்றும். அறிஞர் இதனை நாற்கட்டமுள்ள ஒரு வண்ணப்படமாக வரைவர். யப்பானின் கோபே நகரில் 2007 இல் கூடிய கூட்டத்தின் பெயரால் அப்படம் வழங்குகின்றது. மீனினம் செழித்து, பிடிப்பும் அளவோடு இருந்தால் பச்சை. மீனும் குறைந்து பிடிப்பும் மிகுந்தால் சிவப்பு.

இந்து சமுத்திரத்தில் இவ்வேலையைச் செய்வது இந்து சமுத்திரச் சூரை ஆணைக்குழு. அதன் உடன்படிக்கை 1993 இல் ஏற்கப்பட்டு 1996 இல் நடைமுறைக்கு வந்தது. தலைமையகம் சீசெல்சுத் தீவுகளின் விக்டோரியா நகரில் உளது. இலங்கை அதன் உறுப்புநாடு. வரிக்கொப்பரா சிவப்புக் கட்டத்தில் உள்ளதென அதன் அறிவியற் குழு 2018 இலும் 2021 இலும் கண்டது. கருங்கொப்பராவைப் பற்றி 2021 இல் உறுதியாக ஒன்றும் கூற முடியவில்லை. நாடுகள் அனுப்பிய பிடிப்புக் கணக்கு அத்துணை ஐயத்துக்கு இடமாயிருந்தமை அதற்கு ஒரு காரணம்.

அவ்வாணைக்குழு 2018 இல் ஒரு தீர்மானம் இயற்றியது. ஓராண்டில் முழுச் சமுத்திரத்திலும் வரிக்கொப்பரா 3,260 தொன்னையும், கருங்கொப்பரா 9,932 தொன்னையும், நீலக்கொப்பரா 11,930 தொன்னையும், மயில்மீன் 25,000 தொன்னையும் தாண்டலாகாது என்றது. 60 சென்ரிமீற்றருக்குக் குறைந்த மீனைப் படகில் வைத்திருத்தலும் கூடாது என்றது. அலகு முறிந்திருக்கக் கூடுமாதலின், கீழ்த்தாடை நுனி முதல் வாலின் கவடு வரையுமே அளக்க வேண்டும் என விதித்த நுட்பம் பாராட்டத்தக்கது. ஆனால் எந்த நாட்டுக்கு எவ்வளவு என்று அத்தீர்மானம் பங்கிடவில்லை. அரசன் குளத்தில் ஆளுக்கொரு குடம் பால் ஊற்றச் சொன்ன கதையை எம்மவர் அறிவர். மற்றவர் பால் ஊற்றுவர் என எண்ணி ஒவ்வொருவரும் இரவில் நீரை ஊற்றினர். விடிந்தபோது குளம் முழுதும் நீராயிருந்தது. மயில்மீன் பிடிப்பும் பின்னைய ஆண்டுகளில் விதித்த அளவைத் தாண்டியது.

தாண்டியவர் யார் எனக் கேட்டால், ஈரான், இந்தியா, பாகிஸ்தான், இந்தோனேசியா முதலிய நாடுகளோடு எமது நாட்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அலகுமீன்களை மிகுதியாகப் பிடிப்போர் வரிசையில் இலங்கை முன்னணியில் உள்ளது. எமது பலநாட் படகுகள் செவுள் வலையையும் நீள் தூண்டிலையும் கொண்டு வாரக்கணக்கில் ஆழ்கடலில் நிற்கின்றன. இடம் போதாமையால் அலகும் தலையும் துடுப்பும் வெட்டப்பட்ட உடலமாகவே இறங்கும் மீன்கள் உண்டு. தலையில்லாதது எத்தனை நீளம்? துடுப்பில்லாதது எந்த இனம்? கருங்கொப்பராவை அறியச் சிறந்த வழி, விலாத்துடுப்பை உடலோடு மடக்கிப் பார்ப்பது; ஏனையவற்றில் மடங்கும், இதில் மடங்காது. துடுப்பை வெட்டி எறிந்தபின் அச்சோதனைக்கு இடமேது?

கணக்கின்மையின் விலையை நாம் ஒருமுறை கொடுத்தும் இருக்கின்றோம். ஆழ்கடற் படகுகளைக் கண்காணிக்கும் ஒழுங்கு போதாதென்று கூறி ஐரோப்பிய ஒன்றியம் 2015 சனவரியிலிருந்து இலங்கை மீனுக்குத் தடை விதித்தது. செய்மதி வழியே படகின் இடத்தைக் காட்டும் கருவிகளும் பதிவேடுகளும் ஒழுங்காக்கப்பட்ட பின்னரே 2016 இல் அத்தடை நீங்கிற்று. படகு எங்கே நின்றது என்பதை அக்கருவி சொல்லும். எதனைப் பிடித்தது என்பதைப் பதிவேடுதான் சொல்லல் வேண்டும்.

எதிர்வாதம் செய்வோர் இருவகையினர். கடல் வற்றுமா என்பார் ஒருவகை. அவர்க்குத் துணையாக அறிஞர் ஹக்ஸ்லியே இருக்கின்றார். பெருங்கடல் மீன்வளம் தீராதது என 1883 இல் இலண்டன் மீன்பிடிக் கண்காட்சியில் அவர் பேசினார். அன்று நீராவிப் படகு புதிது. நைலோன் வலையும் செய்மதியும் இல்லை. மற்றொரு வகையார், அறிஞர் இன்று சிவப்பென்பர், நாளை பச்சையென்பர், அவர் சொல்லை நம்பிப் பயனென்ன என்பர். எமது கடைகளில் கெலவல்லா எனப்படும் மஞ்சட்துடுப்புச் சூரையை அவர்கள் காட்டுவர். அஃது 2015 இலும் 2021 இலும் சிவப்பில் இருந்து, 2024 இன் கணிப்பில் பச்சைக்கு மாறியது உண்மையே. கணிப்பிற் சேர்க்கும் பிடிப்புச் சுட்டெண்கள் திருத்தப்பட்டமை அம்மாற்றத்துக்கு ஒரு காரணம். அதிலிருந்து நாம் கொள்வது, ஏட்டிலுள்ள எண் நல்லதாயின் முடிவும் நல்லதாகும் என்பதே. எண்ணையே எழுத வேண்டாம் என்று ஆகாது.

தடை செய்து விடுக என்போரோடும் நாம் உடன்படோம். 2022 இல் எரிபொருளின்றிப் படகுகள் துறையிற் கிடந்தபோது தோட்டத்து வீடுகளில் மீன்குழம்பு அரிதாயிற்று. தேயிலை பறிக்கும் தாயின் பிள்ளைக்குக் கிடைக்கும் சிறு துண்டத்தைச் சட்டத்தால் பறித்துவிட்டு, தொலைதூரக் கப்பல்களின் பெருவலையை விட்டுவைப்பது நீதியாகாது. பங்கு பிரிக்கும் நாளில் இலங்கை தன் எளிய மக்களுக்காகப் பேச வேண்டும். இன்ன மீன், இத்தனை தொன், இன்ன வலையில் எனக் கையில் ஏடு இல்லாதவன் அச்சபையில் என்ன பேசுவான்?

பட்டினப்பாலையில் பரதவர் சினையுற்ற சுறாவின் கொம்பை நட்டுத் தெய்வமாக எண்ணி வழிபட்டதும், முழுநிலா நாளில் தொழில் ஓய்ந்து உண்டு ஆடியதும் கூறப்படும். அது மீன்வளம் பேணும் சட்டம் என வாதிக்க மாட்டோம். அவ்வாறு வலிந்து பொருள் கொள்வது தமிழாசிரியர் சிலரின் வழக்கம். எனினும் அம்மக்கள் தாம் பிடித்த மீனைப் பெயரும் பருவமும் அறிந்து போற்றினர் என்பது வெளிப்படை.

பழைய மாணவருள் கடற்றொழில் திணைக்களத்திலும், துறைமுகங்களிலும், மீன் வணிகத்திலும் இருப்போர் உளராயின் அவர்களிடம் ஒன்று வேண்டுகின்றோம். மயில்மீன், மூன்று கொப்பரா, வாள்மீன் ஆகிய ஐந்தின் படமும், தமிழ் சிங்கள ஆங்கிலப் பெயர்களும், இனங்காணும் குறிகளும் கொண்ட ஒரு தாள் ஒவ்வொரு துறைமுகத்திலும், குருவிட்ட போன்ற உள்நாட்டுச் சந்தை ஒவ்வொன்றிலும் தொங்க வேண்டும். விலைப்பலகையில் 'தலபத்' என்பதற்குப் பதிலாக மீனின் உண்மைப் பெயர் எழுதப்படல் வேண்டும். முதற்படத்தை எமது கல்லூரி விஞ்ஞான மன்ற மாணவர் வரைவர்; தமிழ்ப் பெயர்களைச் சரிபார்க்கும் பொறுப்பை நாம் ஏற்போம். வேண்டுவது, மீன் இறங்கும் விடியற்காலையில் பேருவளைத் துறையில் மாணவர் பன்னிருவர் நின்று பார்க்க அனுமதியும், அவர்கள் போய்வரப் பேருந்துச் செலவுமே.