வாட்ஸை விடுங்க, கிராஸ்ஓவரைத் திருப்புங்க

1/
கார்ல ஆம்ப் மாட்டப் போறவங்க எல்லாரும் கேக்கிற முதல் கேள்வி, "எத்தனை வாட்ஸ் வாங்கலாம்?"

ஒரு மருத்துவரா என் கருத்து: வாட்ஸுக்குக் குடுக்கிற காசுல பாதியைப் பையிலயே வச்சுக்கோங்க. ஆம்ப் மேல இருக்கிற கிராஸ்ஓவர் திருகுகளைச் சரியா வைக்கக் கத்துக்கோங்க. பாட்டும் நல்லா இருக்கும், காதும் தப்பிக்கும்.

ஏன்னு சொல்றேன். கொஞ்சம் நீளமான இழை.

2/
அமாவாசை ராத்திரி மேல்மலையனூர் ஊஞ்சல் உற்சவம். பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை கிரிவலம். சென்னைப் பக்கம் இருந்து போற வண்டிகள் பெரும்பாலும் திண்டிவனம், செஞ்சி வழியாத்தான்.

சிங்கவரம் மாதிரி சுத்துப்பட்டு ஊர்கள்ல வாடகைக்கு வண்டி ஓட்டுற தம்பிகள் இருக்காங்க. வண்டி வாங்கினா முதல் செலவு சீட் கவர், ரெண்டாவது செலவு ஆம்ப், பாஸ் டியூப். முக்கியமா அவங்களுக்காகத்தான் இது.

3/
முதல்ல ஒரு கணக்கு.

500 வாட்ஸ் ஆம்பை எடுத்துட்டு 1000 வாட்ஸ் மாட்டினா சத்தம் எவ்வளவு கூடும்? ரெண்டு மடங்கா? இல்லை. வெறும் 3 டெசிபல். கேக்கிறவருக்கு "லேசா கூடின மாதிரி இருக்கு" அவ்வளவுதான்.

"ரெண்டு மடங்கு சத்தம்"னு உணரணும்னா சுமார் 10 டெசிபல் கூடணும். அதுக்கு 10 மடங்கு வாட்ஸ் வேணும்.

4/
ஆனா அதே 3 டெசிபலை உள்காது வேற மாதிரி பாக்குது. அதுக்கு அது ரெண்டு மடங்கு ஆற்றல். தாங்கக்கூடிய நேரம் சரிபாதியாக் குறையும்.

உலக சுகாதார நிறுவனத்தின் அளவு, வாரத்துக்கு:
80 டெசிபல் – 40 மணி நேரம்
83 – 20 மணி
86 – 10 மணி
89 – 5 மணி
92 – இரண்டரை மணி

இது ஒரு நாளைக்கு இல்லை. மொத்த வாரத்துக்கும்.

5/
செஞ்சியிலிருந்து சென்னைக்கு ஒரு சவாரி போயிட்டு வர ஆறு மணி நேரத்துக்கு மேல ஆகும். 89 டெசிபல்ல பாட்டு ஓடினா, திரும்பி வீட்டுக்கு வர்றதுக்குள்ளயே அந்த வாரக் கணக்கு முடிஞ்சுபோச்சு.

சவாரி வந்தவங்க ஒரு நாள் கேட்டுட்டு இறங்கிப் போயிடுவாங்க. டிரைவர் தினமும் கேக்கிறார். இழப்பு அவருக்குத்தான்.

6/
உள்காதுல காக்ளியானு ஒரு நத்தைக்கூடு இருக்கு. அதுக்குள்ள ஒரு காதுக்குச் சுமார் 15,000 நுண்மயிர் செல்கள். சத்தத்தை நரம்புக்குச் சொல்றது அதுங்கதான். செத்தா மறுபடி முளைக்காது. மாத்திரை, ஊசி எதுவும் திருப்பிக் குடுக்காது.

முதல்ல போறது 4000 ஹெர்ட்ஸ் பக்கம் உள்ள கேட்கும் திறன். அதனால "சத்தம் கேக்குது, ஆனா என்ன பேசுறாங்கனு புரியலை"னுதான் ஆரம்பிக்கும்.

7/
"அப்ப பாட்டே கேக்கக்கூடாதா டாக்டர்?"

கேளுங்க. நல்லா கேளுங்க. சப் உஃபர் கூட மாட்டுங்க. நான் சப் உஃபருக்கு எதிரி இல்லை, சொல்லப்போனா ஆதரவாளன். காரணம் இருக்கு.

8/
ஓடுற கார்ல டயர் சத்தம், இன்ஜின் சத்தம் எல்லாமே பெரும்பாலும் கீழ் அலைவரிசை. அது பாட்டுல இருக்கிற தவிலையும் பறையையும் பாஸ் கிட்டாரையும்தான் முதல்ல முழுங்கும். போதாததுக்கு, நம்ம காதுக்கே குறைஞ்ச சத்தத்துல பாஸ் சரியாக் கேக்காது.

உடனே நாம என்ன பண்றோம்? மொத்த வால்யூமையும் ஏத்துறோம். பாஸ் கொஞ்சம் வருது. கூடவே 2000–5000 ஹெர்ட்ஸும் ஏறிக் காதைக் குத்துது. காது சீக்கிரம் அடிபடுற இடமே அதுதான்.

9/
கிராஸ்ஓவர் சரியா இருந்தா பாஸை மட்டும் தனியாக் கூட்டிக்கலாம், மத்ததை ஏத்தவே வேண்டாம். குறைஞ்ச வால்யூமிலேயே பாட்டு நிறைவாக் கேக்கும்.

அதனாலதான் சொல்றேன்: கிராஸ்ஓவர் வெறும் ஆடியோ சமாச்சாரம் இல்லை. காதுக்கான பாதுகாப்புக் கருவி.

10/
இப்ப வாங்குற விஷயம்.

பெட்டி மேல "4000 வாட்ஸ்"னு போட்டிருக்கும். அதைப் பாக்காதீங்க. ஆர்எம்எஸ் எவ்வளவுன்னு பாருங்க. தொடர்ந்து குடுக்கக்கூடிய உண்மையான அளவு அதுதான்.

அதுலயும் சந்தேகமா? ஆம்ப்ல இருக்கிற ஃபியூஸைப் பாருங்க. ஃபியூஸ் பொய் சொல்லாது.

11/
ரெண்டு 30 ஆம்பியர் ஃபியூஸ்னா மொத்தம் 60. வண்டி ஓடும்போது சுமார் 13.8 வோல்ட். பெருக்கினா 828 வாட்ஸ். ஏபி வகை ஆம்ப்னா அதுல பாதிக்குக் கொஞ்சம் மேலதான் ஸ்பீக்கருக்குப் போகும், மீதி சூடு. ஆக 450–500 வாட்ஸ். டி வகைன்னா 650 பக்கம் வரும்.

4000 எங்கே? அட்டையில மட்டும்.

12/
சாதாரண காருக்கு என் பரிந்துரை: சேனலுக்கு 50–75 வாட்ஸ் ஆர்எம்எஸ் உள்ள ஒரு நாலு சேனல் ஆம்ப். ரெண்டு சேனல் முன் டோர் ஸ்பீக்கருக்கு. மீதி ரெண்டை பிரிட்ஜ் பண்ணி ஒரு சப் உஃபருக்கு. மூடின காருக்குள்ள பாஸ் தானாவே கூடும். இது தாராளம்.

ஓம்ஸ் கவனிங்க. பிரிட்ஜ்ல குறைஞ்சது 4 ஓம்ஸ்னு போட்ட ஆம்ப்ல 2 ஓம்ஸ் உஃபர் மாட்டினா சூடாகி அணைஞ்சு போகும், இல்லைன்னா எரிஞ்சே போகும்.

13/
இப்ப திருகுகள். பாஸ் பூஸ்ட் பூஜ்யம், செட்டுல ஈக்வலைசர் எல்லாம் நடுவுல. அப்புறம்:

டோர் ஸ்பீக்கர் (ஆறரை இன்ச்): எச்பிஎஃப், 80 ஹெர்ட்ஸ். அதாவது 80க்கு மேல உள்ளது மட்டும் இங்க போகட்டும். சின்ன 4 இன்ச்னா 100–120.

சப் உஃபர்: எல்பிஎஃப், அதே 80 ஹெர்ட்ஸ். 80க்குக் கீழ உள்ளது மட்டும்.

14/
80ல கத்தி வச்சு வெட்டின மாதிரி நிக்காது, சரிவா இறங்கும். 12 டெசிபல் சரிவுன்னா 40 ஹெர்ட்ஸ் வரும்போது டோர் ஸ்பீக்கருக்குப் போறது அந்த அளவுக்குக் குறைஞ்சிருக்கும்.

பாட்டுல பாடகர் குரல் டிக்கியில இருந்து வர்ற மாதிரி இருந்தா எல்பிஎஃப் ரொம்ப மேல இருக்குன்னு அர்த்தம். 70க்கு இறக்குங்க. பாஸ் ஒல்லியா, காணாமப் போன மாதிரி இருந்தா ஃபேஸ் சுவிட்சை 0லிருந்து 180க்கு மாத்திப் பாருங்க. எதுல பாஸ் நிறைவா இருக்கோ அதுல விட்டுடுங்க.

15/
துளை வச்ச பெட்டி, பாஸ் டியூப் மாட்டினவங்க சப்சானிக் ஃபில்டரை 25–30 ஹெர்ட்ஸ் பக்கம் வைங்க. அதுக்குக் கீழ பாட்டு கேக்காது. உஃபர் மட்டும் சும்மா முன்னும் பின்னும் குதிச்சுக் கிழியும்.

16/
கெயின் என்பது வால்யூம் இல்லை. இதை மனப்பாடம் பண்ணிக்கோங்க.

செட் வால்யூமை முக்கால் பங்கு வைங்க. ஆம்ப் கெயினைக் கீழிருந்து மெதுவா ஏத்துங்க. குரல் கரகரன்னு உடையும் இடத்துல நிறுத்தி, கொஞ்சம் இறக்குங்க. முடிஞ்சது. இதைச் சின்னச் சின்னதா, சீக்கிரமா முடிங்க. காது அங்கயும் உங்க காதுதான்.

17/
நியாயமா ஒண்ணு சொல்லணும். உடைஞ்ச சத்தம் போடுற சின்ன ஆம்பைவிட, தெளிவாப் பாடுற பெரிய ஆம்ப் நல்லது. கடைக்காரர் இதைச் சொன்னா அது உண்மைதான். ஆனா உடையுறதுக்குக் காரணம் பெரும்பாலும் ஆம்ப் சிறுசுங்கிறது இல்லை. கெயினும் பாஸ் பூஸ்ட்டும் முழுசா திருகி வச்சிருக்கிறதுதான். அதுக்கு 0 ரூபாய்ல வைத்தியம் இருக்கு.

18/
மிச்சம் பிடிச்ச காசை எங்க போடணும்? நல்ல செம்பு வயர்ல. பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள்ள ஒரு ஃபியூஸ் கட்டாயம். அது இல்லாம வயர் எங்கயாவது உரசினா வண்டி தீப்பிடிக்கும். இதுல சிக்கனம் வேண்டாம்.

19/
கடைசியா, வண்டிக்கு வெளியே இருக்கிறவங்க.

குரல் சுவத்துல நின்னுடும். பாஸ் நிக்காது, சுவர் தாண்டி வரும். சிங்கவரம் குன்றுல பாறையைக் குடைஞ்ச கோயில்ல ரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கார். அடிவாரத்து வீட்டுல கைக்குழந்தையும், நெஞ்சுவலிக்காரரும், மறுநாள் பரீட்சைக்காரப் பிள்ளையும் தூங்கணும்.

2000ம் வருஷ ஒலி மாசு விதிப்படி குடியிருப்புப் பகுதியில ராத்திரி 10லிருந்து காலை 6 வரை 45 டெசிபல்தான். ஊருக்குள்ள நுழையும்போது சப் உஃபரை இறக்குறது ஒரு மரியாதை. பின்னாடி வர்ற 108 சைரனும் உங்களுக்குக் கேக்கும்.

20/
எளிய சோதனை: பாட்டு ஓடும்போது பக்கத்து சீட்டுல இருக்கிறவர்கிட்ட கத்திப் பேச வேண்டியிருக்கா? சத்தம் அதிகம். இறங்கின பிறகு காதுல "ஙொய்"ங்குதா, அடைச்ச மாதிரி இருக்கா? காது அடி வாங்கியிருக்கு.

அது அடிக்கடி வந்தா காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்க. திடீர்னு ஒரு காது கேக்காம போனா ஒரு நாள் கூடத் தள்ளாதீங்க. சீக்கிரம் வந்தாத்தான் பலன்.

21/
சுருக்கமா:
ஆர்எம்எஸ் பாருங்க, ஃபியூஸ் பாருங்க.
80ல பிரிங்க.
கெயினை அளவா வைங்க.
பாஸ் பூஸ்ட்டை மறந்துடுங்க.

ஆம்ப் எரிஞ்சா வேற வாங்கிக்கலாம். காதுக்கு உதிரிப்பாகம் எந்தக் கடையிலயும் இல்லை.

வாடகை வண்டி ஓட்டுற தம்பி யாராவது உங்க வீட்டுல இருந்தா இதை அவருக்கு அனுப்புங்க.