சொல்லத் தயங்கும் நோய்

பல ஆண்டுகளுக்கு முன்னர், ஹற்றனுக்கு அப்பாலுள்ள தேயிலைத் தோட்டமொன்றுக்குச் சம்பளப் பிரச்சினை பற்றிச் செய்தி சேகரிக்கச் சென்றிருந்தேன். லயத்து இஸ்தோப்பில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர், சம்பளத்தைப் பற்றிப் பேசி முடித்தபின் வேறொரு கதையையும் சொன்னார்.

ஒரு நாள் இரவு கம்பிப் பொறியில் காட்டுப்பன்றி ஒன்று விழுந்தது. ஓசைப்படாமல் நாலைந்து வீட்டார் இறைச்சியைப் பங்கிட்டுக்கொண்டனர். ஆண்கள் சிலர் மலைச்சரிவிலேயே நெருப்பு மூட்டி, அவசர அவசரமாகச் சுட்டுத் தின்றனர். இரண்டு வாரங்களுக்குள் அவருக்கும் இளைஞர் இருவருக்கும் காய்ச்சல் கண்டது. கண்ணிமைகள் வீங்கின, மலையேற முடியாதபடி தசைகள் வலித்தன. தோட்டத்து மருந்தகத்தில் காய்ச்சல் மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள்.

"பன்றி தின்றதைச் சொன்னீர்களா?" என்று கேட்டேன்.

"அத எப்படிங்கய்யா சொல்றது? சொன்னா பொலிசுக்குல்ல போயிரும்" என்றார்.

அவருக்கு வந்தது எந்த நோய் என்று அறிய எவரும் இரத்தத்தைப் பரிசோதிக்கவில்லை. ஆகையால் நானும் பெயர் சூட்டப் போவதில்லை. ஆனால் அவர் அடுக்கிய அறிகுறிகள், டிரிக்கினெல்லா என்னும் உருளைப்புழு உண்டாக்கும் நோய்க்கு மருத்துவ நூல்கள் தரும் அறிகுறிகளே என்பதைப் பின்னர் படித்தபோது திடுக்கிட்டேன்.

இப்புழுவின் கதை விசித்திரமானது. 1835இல் லண்டனில் ஜேம்ஸ் பஜெட் என்ற மருத்துவ மாணவர், பிணப் பரிசோதனையின்போது தசையில் வெண்ணிறப் புள்ளிகளைக் கண்டார். அவை சுருண்டு கிடந்த நுண்புழுக்கள். அவை உயிரையே பறிக்க வல்லவை என்பதையும், பன்றி இறைச்சி வழியாக வருபவை என்பதையும் 1860இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் சென்க்கர் என்ற மருத்துவர் நிறுவினார். 1865இல் ஹெடர்ஸ்லெபன் என்ற சிற்றூரில் முந்நூறுக்கும் மேற்பட்டோர் நோயுற்று, நூற்றொருவர் மாண்டனர். அதன் பின்னரே, விற்பனைக்கு வரும் பன்றி இறைச்சியை நுண்ணோக்கியால் சோதிக்க வேண்டும் என்று அறிஞர் விர்க்கோவ் எழுப்பிய குரலுக்கு அந்நாடு செவிசாய்த்தது.

வேகாத இறைச்சியோடு வயிற்றுக்குள் போகும் புழுக்குஞ்சுகள் குடலில் வளர்ந்து, முட்டையிடாமல் நேரடியாகக் குஞ்சுகளை ஈனுகின்றன. அக்குஞ்சுகள் இரத்தத்தில் கலந்து தசைகளைச் சென்றடைந்து, அங்கே கூடு கட்டிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் உயிர்வாழும். பலருக்கு நோய் தானாகவே தணியும். சிலருக்கு இதயமும் மூளையும் பாதிக்கப்பட்டு உயிருக்கே ஆபத்தாகும். ஒருவரிடமிருந்து மற்றவருக்கு இது தொற்றாது. தொடக்கத்திலேயே கண்டறிந்தால் அல்பெண்டசோல், மெபெண்டசோல் போன்ற சாதாரணப் பூச்சி மருந்துகளே போதும். புழுக்கள் தசைக்குள் குடியேறிய பின்னர் மருந்தின் வலிமை குறைந்துவிடுகிறது.

அப்படியானால் நோயாளி எப்போது வாய் திறக்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. காய்ச்சலும் உடல்வலியும் மலையகத்தில் அன்றாடச் சமாசாரம். "அண்மையில் காட்டிறைச்சி தின்றீர்களா?" என்ற ஒரு கேள்விதான் மருத்துவருக்கு வழி காட்டக்கூடியது. கேட்பவர் அதைக் கேட்பதில்லை. கேட்டாலும் சொல்பவர் உண்மையைச் சொல்வதில்லை.

பொறி வைப்பதை நான் நியாயப்படுத்தவில்லை. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில் கம்பிப் பொறியில் சிக்கிய அரிய கருஞ்சிறுத்தை, சிகிச்சை பலனின்றி இறந்ததை நாடே பார்த்தது. பன்றிக்கு வைக்கும் கம்பிக்குச் சிறுத்தையைப் பிரித்தறியத் தெரியாது. சட்டம் தன் கடமையைச் செய்யட்டும். ஆயினும் மருத்துவரின் அறை நீதிமன்றம் அன்று. நோயாளி மருத்துவரிடம் சொல்வது அவ்வறையைத் தாண்டிப் போகாது என்ற உறுதி, தலைநகரத்துச் சீமானுக்கு இருப்பது போலவே தோட்டத்துத் தொழிலாளிக்கும் இருக்க வேண்டும். களவில் வெட்டிய இறைச்சியைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பார்ப்பதில்லை. களவில் தின்ற இறைச்சியை மருத்துவர் அறிவதில்லை. இந்த இரட்டை மௌனத்தில்தான் புழு பிழைத்துக்கொள்கிறது.

மலையகத்துக்குப் புழு புதிதன்று. 1916இல் றொக்ஃபெல்லர் மன்றத்தார் கொக்கிப்புழு ஒழிப்புப் பணியை மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் தொடங்கினர். மருந்து கொடுக்க இசைந்த தோட்ட முதலாளிகள், மலசலகூடம் கட்டச் செலவிட முகம் சுளித்தனர். 1992இல் பெருந்தோட்டத் துறைச் சிறுவர்களையும் பெண்களையும் சோதித்தபோதும், நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் மண்வழிப் புழுத்தொற்று இருந்தது. 1994 முதல் 2005 வரை ஆண்டுக்கு இருமுறை பூச்சி மருந்து வழங்கினார்கள். அது நின்று நான்காண்டுகள் கழித்துப் பாடசாலைப் பிள்ளைகளிடம் மேற்கொண்ட ஆய்வில் 29 சதவீதத்தினருக்குத் தொற்று காணப்பட்டது. குறைந்தது உண்மை, ஒழியவில்லை என்பதும் உண்மை. மாத்திரை கொடுப்பது எளிது. வாழ்நிலையை மாற்றுவது கடினம். அந்தக் கடினமான பாதிதான் நூறாண்டுகளாக நிலுவையில் கிடக்கிறது.

இறைச்சிப் புழுவுக்கோ மலசலகூடம் மருந்தாகாது, அடுப்புதான் மருந்து. இறைச்சியின் நடுப்பகுதி 71 பாகை செல்சியஸ் வரை சூடேறினால் புழு சாகும். நம் சமையலறையில் வெப்பமானி இல்லை. உள்ளே இளஞ்சிவப்பு நிறம் துளியும் இல்லாமல், சாறு தெளிந்து வரும்வரை வேகவைத்தால் போதும். சிறு துண்டுகளாக வெட்டிக் குழம்பில் கொதிக்கவிடும் நம் பாட்டிமார் வழக்கம் சாலச் சிறந்தது. நெருப்பில் வாட்டுவதையும், உப்பிட்டு உலர்த்துவதையும், புகையில் தொங்கவிடுவதையும் நம்ப முடியாது. சாராயம் புழுவைக் கொல்லும் என்பது வெறும் கதை.

இவற்றைச் சொல்ல மாநாடு வேண்டியதில்லை. தோட்டத்து மருந்தகச் சுவரில் தமிழில் ஓர் அறிவித்தல், பாடசாலையில் அரை மணி நேரப் பாடம், மருத்துவ உதவியாளர் கேட்கும் ஒரு கேள்வி ஆகிய மூன்றும் போதும். விறகுக்கும் வழியற்றவர்களிடம் "நன்றாக வேகவையுங்கள்" என்று உபதேசிப்பவர்கள், அந்த விறகைப் பற்றியும் சிறிது சிந்தித்தால் நல்லது.

அந்த முதியவர் பிழைத்துக்கொண்டார். இளைஞர்களில் ஒருவனுக்குக் கைவலி நீங்கவே பல மாதங்கள் ஆயிற்றாம். அத்தனை மாதங்களும் கொழுந்துக் கூடையைத் தாங்கியவள் அவன் மனைவி. அவளும் கடைசிவரை எவரிடமும் காரணத்தைச் சொல்லவில்லை.