விற்பதா, வைத்திருப்பதா?

சென்ற வாரம் என் தமக்கை மகன் ஒரு வழக்கோடு வந்தான். வீட்டுக் கடன் கழுத்தை நெரிக்கிறது. அவனுடைய மஸ்டா ஆர்.எக்ஸ்.-8 காரின் மதிப்போ இறங்கிக்கொண்டே போகின்றது.

"வாங்கிய விலையிற் பாதியும் தேறாதே, மாமா!" என்றான்.

அந்தப் பாதி என்றோ போய்விட்டது. வண்டியைக் காவல் காத்தால் அது மீளாது. இனி வரும் ஓராண்டில் அது எவ்வளவு தின்னும் என்பதே கணக்கு. அவ்வண்டியின் இயந்திரத்தில் மேலுங்கீழும் ஓடும் பிஸ்டன் கிடையாது. முக்கோணச் சுழலியே சுழல்கின்றது. அதன் முனைத் தகடுகள் தேய்ந்தால் இயந்திரத்தையே பிரிக்கவேண்டும். பெற்றோலோடு எண்ணெயையும் இயல்பாகவே குடிக்கும். உற்பத்தியும் 2012 இல் நின்றுவிட்டது. (பின்கதவுகள் எதிர்ப்புறமாகத் திறக்கும் அழகில் நானும் மயங்கியவனே!)

2020 மார்ச்சில் இறக்குமதி நிறுத்தப்பட்டபின் இலங்கையிற் பழைய வண்டிகளின் விலை ஏறிற்று. அன்று விற்றிருக்கலாம். 2025 பெப்ரவரியிற் கார்கள் மீண்டும் வரத் தொடங்கியபின், அந்த ஏற்றத்தை நம்பியிருத்தல் ஆகாது.

காப்புறுதி, வரி, திருத்தம் யாவற்றையும் எழுதச் சொன்னேன். எழுதிய தாளை நெடுநேரம் பார்த்திருந்தான்.

"கடைசியாக ஒருமுறை சாவகச்சேரி வரை போய்வருவோமா, மாமா?"

போனோம்.