சட்டம் பழகு: ஜாமீன் தள்ளுபடியா? அடுத்து தேனி!

ஏலக்காய் மூட்டை திருடியதாக போடிமெட்டுத் தோட்டத் தொழிலாளி ஒருவர் கைதாகிறார், போடி மாஜிஸ்திரேட் ஜாமீன் மறுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 'அப்பீல் போகணுமா?' என்பதுதான் வீட்டாரின் முதல் கேள்வி. ஜாமீன் மறுப்புக்குப் பொதுவாக அப்பீல் கிடையாது. பி.என்.எஸ்.எஸ். 483-வது பிரிவில் தேனி மாவட்ட அமர்வு நீதிமன்றத்தில் புது மனு போட வேண்டும். அங்கும் தள்ளுபடியானால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை. (2004-க்கு முன் சென்னைக்கே ஓட வேண்டியிருந்தது!) எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமை வழக்கு என்றால் மட்டும் கதை வேறு. உயர் நீதிமன்றத்தில் 90 நாள்களுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும்.

நிஜமான தலைவலி, ஜாமீன் கிடைத்த பிறகுதான். லயத்தில் குடியிருப்பவர் சொத்துள்ள இரண்டு ஜாமீன்தாரர்களுக்கு எங்கே போவார்? பிணைத்தொகை அளவுக்கு மீறி இருக்கக் கூடாது என்கிறது 484-வது பிரிவு. குறைக்கச் சொல்லி அமர்வு நீதிமன்றத்திலோ உயர் நீதிமன்றத்திலோ கேட்கலாம். ஜாமீன் கிடைத்தும் ஒரு வாரத்தில் வெளியே வராதவரைப் பற்றி சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதம் தாண்டினால் நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி நீதிமன்றமே பரிசீலிக்கலாம். இது 31.1.2023 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

வக்கீலுக்குப் பணம் இல்லையா? அந்த ஆணைக்குழுவே இலவசமாக வக்கீல் தரும். காவலில் இருப்பவருக்கு வருமான வரம்புகூடக் கிடையாது.