படியும் முறையும்: பங்குப் பதிவேடுகளில் முன்னோரைத் தேடுதல் குறித்துச் சில கருத்துகள்

முன்னுரை

தம் முன்னோரை அறிய விழையும் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பத்தார் முதலில் நாடுவது தத்தம் பங்கு ஆலயத்தின் பதிவேடுகளையே. அவற்றைப் படிப்பதற்கு இலத்தீன் வாய்பாடுகள் சிலவும் பழங்கையெழுத்தை இனங்காணும் பயிற்சியும் இருந்தால் போதும் என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். என் குடும்பத்தின் வழிமரபைத் தேடியபோது நான் செய்த பிழையொன்று அவ்வெண்ணத்தை மாற்றியது. பங்குப் பதிவேடு என்பது தமிழர் தமிழில் கூறியதைக் கேட்டுப் பிறமொழியில் எழுதிவைத்த பனுவல். தமிழரின் உறவுமுறையையும் பெயரிடும் மரபையும் உடன்வைத்துப் படித்தாலன்றி அது முழுமையாகப் பொருள் தராது. ஆகவே, அது தமிழியல் ஆய்வுக்குரிய மூலங்களுள் ஒன்றாகக் கொள்ளப்பட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

ஏடுகளின் அமைப்பு

திருமணங்களைப் பங்குக் குரு ஏட்டில் பதிந்து காக்க வேண்டும் என்று திரிதெந்தின் பொதுச்சங்கம் 1563இல் விதித்தது. 1614இல் வெளியான உரோமைச் சடங்குநூல் ஐவகை ஏடுகளை வகுத்தது: ஞானஸ்நானம், உறுதிபூசுதல், திருமணம், இறப்பு ஆகியவற்றுக்கான ஏடுகளும், வீடுதோறும் உள்ளவர்களைக் கணக்கிடும் 'ஆன்மாக்களின் நிலை' என்னும் ஏடும் அவை. தமிழகப் பங்குகளில் கிடைக்கும் பழைய ஏடுகள் இம்மரபின் வழிவந்தவை. அவற்றில் இலத்தீனே மிகுதி. இடத்திற்கும் காலத்திற்கும் ஏற்பப் போர்த்துக்கீசியமும் பிரெஞ்சும் தமிழும் கலந்து வரும்.

பிறப்பு, இறப்புகளை அரசு பதிவதற்கு 1886ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. நாடு முழுமைக்கும் ஒருசீரான பதிவு 1969ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. அதற்கு முந்தைய காலத்தில் எளிய மனிதர் ஒருவர் பெயரோடும் நாளோடும் இடம்பெறும் எழுத்துச் சான்று அரிது. கல்வெட்டில் கொடை அளித்தவர் பெயர் நிற்கிறது. நிலவரி ஆவணத்தில் நிலமுடையவர் பெயர் நிற்கிறது. பிறந்து மூன்று நாளில் இறந்த குழந்தையின் பெயரும் அதன் தாயின் பெயரும் நிற்பது பங்குப் பதிவேட்டில்தான். சமூக வரலாற்றுக்கு இவ்வேடுகள் தரும் முதன்மையான பயன் இது.

பெயர் என்னும் சிக்கல்

ஐரோப்பியர் தம் முன்னோரைத் தேடுகையில் குடும்பப் பெயரையே பற்றுக்கோடாகக் கொள்வர். தமிழகத்தில் அது பெரும்பாலும் பயன்படாது. முத்துக்குளித்துறைப் பரதவர் போர்த்துக்கீசியக் குடும்பப் பெயர்களை ஏற்றனர். எனினும் பெர்னாந்து என்னும் ஒரே பெயரைத் தம்முள் உறவில்லாத எண்ணற்ற குடும்பங்கள் தாங்குகின்றன. உள்நாட்டு ஊர்களிலோ குடும்பப் பெயர் வழக்கே இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்து தலைமுறைதோறும் மாறும்.

ஞானஸ்நானப் பெயரிலும் இடர் உண்டு. தமிழ்க் கத்தோலிக்கர் புனிதர் பெயர்களைத் தமிழாக்கியே வழங்கினர். பேதுரு இராயப்பர் ஆனார். 'சிறியவர்' எனப் பொருள்படும் பவுல் சின்னப்பர் ஆனார். யோவான் அருளப்பர் ஆனார். அலோசியுசு ஞானப்பிரகாசியார் ஆனார். குரு ஏட்டில் எழுதும்போது இத்தமிழ்ப் பெயர்கள் மீண்டும் இலத்தீனுக்குச் சென்றன. ஊரில் சூசை, சூசைமுத்து, சூசையப்பன் என மூவர் இருப்பின், மூவரும் ஏட்டில் 'யோசேபுஸ்' ஆகிவிடுவர். சந்தியாகுவும் யாகப்பனும் 'யாக்கோபுஸ்' என்னும் ஒரே பெயருக்குள் அடங்குவர். ஊரார் வேறுபடுத்திய ஆட்களை ஏடு வேறுபடுத்துவதில்லை. ஆதலால் இவ்வேட்டைப் படிப்பவர் செய்வது ஒருவகை மறுமொழிபெயர்ப்பு. ஞானப்பெற்றோர் பெயர், ஊர்ப்பெயர், சாட்சிகளின் பெயர் ஆகியவற்றை ஒப்பிட்டே எந்த யோசேபுஸ் எந்தச் சூசை எனத் துணிய இயலும்.

படியும் முறையும்

பெயரைக் காட்டிலும் நுட்பமானது உறவு. நெருங்கிய இரத்த உறவினர் மணப்பதைத் திருச்சபைச் சட்டம் தடுத்தது. பொது மூதாதையரிலிருந்து எத்தனை தலைமுறை என எண்ணி அதனைப் 'படி' என்று குறித்தனர். உடன்பிறந்தார் முதற்படி, உடன்பிறந்தாரின் மக்கள் இரண்டாம் படி. 1917ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு வரும்வரை நான்காம் படி வரையிலும், அதன்பின் மூன்றாம் படி வரையிலும் தடை இருந்தது. தடைக்கு உட்பட்டவர்கள் விதிவிலக்குப் பெற்று மணந்தால் அது திருமண ஏட்டில் குறிக்கப்படும். மாமன் மகளையும் அத்தை மகளையும் உரிமையோடு மணக்கும் சமூகத்தில் இக்குறிப்புகள் காணப்படுவதில் வியப்பில்லை.

இங்கு இரு உறவமைப்புகள் எதிர்ப்படுகின்றன. திருச்சபையின் கணக்கில் சிற்றப்பன் மகளும் தாய்மாமன் மகளும் ஒரே இரண்டாம் படி. தமிழ் உறவுமுறையிலோ முன்னவள் தங்கை; பின்னவள் முறைப்பெண். மார்கன் 1871இல் வெளியிட்ட நூல் தொடங்கி, தூமோன், திரவுட்மன் முதலானோர் வரை திராவிட உறவுமுறையின் அடிப்படையாக எடுத்துக்காட்டியது இவ்வேறுபாட்டையே. இலத்தீன் ஏட்டில் அதற்கு இடமில்லை.

என் பிழை இவ்விடத்தில்தான் நேர்ந்தது. என் தாத்தாவின் பாட்டி யார் மகள் எனத் தேடினேன். 1880களின் திருமணப் பதிவொன்றில் மணமகள் மரியா, அவள் தந்தை யோசேபுஸ், இரண்டாம் படி இரத்த உறவுக்கு விதிவிலக்கு என்றிருந்தது. ஞானஸ்நான ஏட்டில் பொருந்தும் மரியாக்கள் இருவர். ஒருத்தியின் தந்தை மணமகனின் சிற்றப்பன். மற்றொருத்தியின் தந்தை அவனுடைய தாய்மாமன். இருவருமே ஏட்டில் யோசேபுஸ். திருமணப் பதிவில் கண்ட வயதோடு முதல் மரியாவின் ஞானஸ்நான நாளே நெருங்கி வந்தமையால் அவளையே என் முன்னோளாகக் கொண்டேன். வழிமரபு வரைபடத்தை உறவினர்க்கும் அனுப்பினேன். அவ்வாண்டு நவம்பர் 2, கல்லறைத் திருநாள் பூசையில் வாசிப்பதற்காக எங்கள் குடும்பத்தார் தந்த இறந்தோர் பட்டியலில் அந்த மரியாவின் பெற்றோர் பெயர்களும் சேர்ந்தன.

சில மாதங்கள் கழித்து என் தந்தையின் அத்தையிடம் அவ்வரைபடத்தைப் படித்துக் காட்டினேன். அவர் பள்ளிக்கூடம் சென்றவர் அல்லர். "அவ தங்கச்சி முறை ஆச்சே, எப்படிக் கட்டுவாங்க?" என்று ஒரே கேள்வி கேட்டார். மீண்டும் சென்று இறப்பேட்டைப் புரட்டினேன். நான் முன்னோளாகக் கொண்ட மரியா ஏழு வயதிலேயே இறந்திருந்தாள். இலத்தீனை நான் பிழையின்றிப் படித்திருந்தேன், தமிழைப் படிக்கவில்லை.

முறைக்கு மாறான மணங்களும் ஒரோவழி நிகழ்ந்திருக்கக்கூடும். ஆகவே, முறை என்பது கருதுகோளைத் தரும். முடிவைப் பிற ஏடுகளோடு ஒப்பிட்டே பெற வேண்டும். திருமணத்தை ஞானஸ்நானப் பதிவின் ஓரத்திலும் குறிக்க வேண்டும் என்று 1907இல் திருத்தந்தையின் ஆணை விதித்தது. அது நடைமுறைக்கு வந்த 1908க்குப் பின்னர் இவ்வொப்பீடு எளிதாகிறது. அதற்கு முந்தைய தலைமுறைகளுக்கு விதிவிலக்குக் குறிப்பும் உறவுமுறை அறிவுமே பெருந்துணை.

ஏடு சுமத்தும் பாரம்

முன்னோரைக் கண்டறிதல் எல்லார்க்கும் இனிய செயல் அன்று. சில பங்குகளின் பழைய ஏடுகளில் சாதிப்பெயர் குறிக்கப்பட்டுள்ளது. தந்தை பெயர் எழுத வேண்டிய இடத்தில் 'அறியப்படாதவர்' என எழுதப்பட்ட குழந்தைகள் உள்ளனர். வடக்கன்குளம் ஆலயத்தில் சாதிகளைப் பிரித்து நின்ற சுவர் 1910இல் இடிக்கப்பட்டது. ஏட்டில் எழுதிய சொல்லை அவ்வாறு இடிக்க இயலாது.

இதன் விளைவு இன்றைய வாழ்விலும் தொடர்கிறது. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர் ஆணை இந்துக்களுக்கும், 1956இன் திருத்தம் சீக்கியர்க்கும், 1990இன் திருத்தம் பௌத்தர்க்கும் அத்தகுதியை அளித்தன. கிறித்தவர்க்கு அது இல்லை. 2024இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பொன்றில் மனுதாரர் பெற்ற ஞானஸ்நானமும் சான்றாகக் கருதப்பட்டது. எனவே, ஓர் ஆய்வாளர் ஆர்வத்தால் வெளியிடும் ஒரு வரி, அவர் அறியாத ஒரு குடும்பத்தின் கல்வியையும் வேலையையும் தொடக்கூடும். ஏடுகளை மின்படியாக்கிப் பொதுவெளியில் தேடத்தக்கதாக வைப்பதே அறிவுத்தொண்டு எனக் கூறுவோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். ஏடுகளைப் பூட்டிவைத்துக் கரையானுக்குக் கொடுப்பதும் தீர்வன்று. மின்படியாக்கம் உடனே வேண்டும். பொதுவெளியீடு வரம்போடு வேண்டும்.

செய்யத்தக்கன

தமிழ்த்துறைகள் முன்னெடுக்கத்தக்க பணிகளாக மூன்றினைக் கூறலாம். முதலாவது, சுவடியியல் பாடத்தில் பங்குப் பதிவேட்டுக்கும் ஓர் அலகு ஒதுக்குதல். இலத்தீன் வாய்பாடுகள் குறைவானவை. சில வாரங்களில் கற்பிக்க இயலும். ஓலையில் பாடவேறுபாடு கண்ட மாணவர்க்கு ஒரே ஆளின் பெயர் மூன்று ஏடுகளில் மூன்று வடிவில் வருவது புதிதாகத் தோன்றாது.

இரண்டாவது, பதிப்பிக்கும்போது பெயர்களை இக்கால வடிவுக்கு மாற்றாது, ஏட்டிலுள்ளவாறே தந்து, தமிழ் வடிவத்தை உரையாக அமைத்தல். பெயராய்வுக்கும் ஒலிபெயர்ப்பு வரலாற்றுக்கும் அவ்வடிவங்களே தரவு. அதனுடன், முதியோரிடம் உறவுமுறையைக் கேட்டு அறியும் களப்பணியும் இணைய வேண்டும். என் பிழையைத் திருத்தியது அத்தகைய ஒருவரின் அறிவே.

மூன்றாவது, பங்கு நிருவாகத்தோடு உடன்பாடு செய்து அணுகல் விதிகளை வகுத்தல். நூறாண்டுக்கு உட்பட்ட பதிவுகளை அக்குடும்பத்தார் இசைவின்றி வெளியிடாதிருத்தலும், பழைய பதிவுகளிலும் சாதிக் குறிப்பையும் தந்தை அறியப்படாத நிலையையும் ஆளின் பெயரோடு இணைத்துத் தேட இயலாதவாறு வைத்தலும் குறைந்த அளவு நெறிகளாகும். தொகைநிலை ஆய்வுக்கு அவற்றைப் பெயர் நீக்கிப் பயன்படுத்தலாம்.

முடிவுரை

பங்குப் பதிவேடு சமயத்தார்க்கு அருள்வாழ்வின் சான்று. குடும்பத்தார்க்கு முன்னோரின் தடம். தமிழாய்வாளர்க்கு அது, கேட்ட தமிழும் எழுதிய இலத்தீனும் ஒன்றையொன்று மறைத்து நிற்கும் பனுவல். மறைந்த தமிழை மீட்டெடுக்கும் பயிற்சி நம் துறைக்கே உரியது. ஏட்டின் படியை எண்ணத் தெரிந்தவர் பலர். முறையைச் சொல்லத் தெரிந்த தலைமுறை மறைந்து வருகிறது. அவர்கள் இருக்கும்போதே ஏடுகளை அவர்கள் முன் படித்துக் காட்டுவது ஆய்வாளர் கடன்.