கார்பன் இழையும் கடன் மனுவும்

சென்ற மாதம் தணிக்கை நிமித்தமாக இனயம் சென்றிருந்தபோது, அங்கத்தினர் ஒருவரின் குமாரர் ஒரு கடன் மனுவை நம்மிடம் காட்டி அபிப்பிராயம் கேட்டார். கார்பன் இழைத் துணியும் ரெசினும் வாங்கி, மோட்டார் சைக்கிள்களுக்கு மட்கார்டு, பக்கமூடி, ஹாண்டில்பார் முதலியவற்றை வீட்டுத் திண்ணையிலேயே செய்து விற்பது அவருடைய திட்டம். கைப்பேசியில் படம் பார்த்துக் கற்றாராம். முன் அநுபவம் கிடையாது. இத்தகைய மனுக்கள் பிற சங்கங்களுக்கும் வரக்கூடும் ஆகையால், நம் கருத்தை இங்கு எழுதுகிறோம்.

நெசவாள அங்கத்தினர்களுக்கு இவ்விஷயம் அந்நியமானதன்று. கார்பன் துணியும் பாவும் ஊடையுமாக நெய்யப்படுவதே. பாலி அக்ரிலோநைட்ரைல் என்னும் செயற்கை இழையை முதலில் இளஞ்சூட்டில் பக்குவப்படுத்தி, பின்பு காற்றுப் படாமல் 1,000 டிகிரிக்கு மேல் சூடேற்றிக் கரியாக்குகிறார்கள். ஓர் இழையின் தடிப்பு சுமார் 7 மைக்ரான். தலைமயிரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. அத்தகைய இழைகள் 3,000 சேர்ந்தது ஒரு நூல். சாதா நெசவுத் துணி வளைவுகளில் எளிதில் படியாது. ட்வில் நெசவு படியும். மட்கார்டுக்கு எது ஏற்றது என்பதை வடசேரி நெசவாளர் ஒருவர் துணியைத் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார். நூல் ஓடும் திசையில்தான் பலம். மூலைவாட்டில் இழுத்தால் துணி நெகிழும். ஆதலால் அடுக்குகளைத் திசை மாற்றி வைக்க வேண்டும். மனுதாரர் இதை அறிந்திருக்கவில்லை.

ஆனால் அவர் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்திலேயே குருமார் இருக்கிறார்கள். கட்டுமரங்களுக்குப் பின் ஒட்டுப்பலகை வள்ளங்களும், அவற்றுக்குப் பின் கண்ணாடி இழையாலான பைபர் வள்ளங்களும் இந்தக் கரைக்கு வந்தன. வள்ளத்தின் விரிசலை அடைக்கும் தொழிலாளி செய்வதும் இதே வேலைதான்: அச்சு, மெழுகு, துணி, ரெசின், உருளை. கண்ணாடி இழையில் ரெசின் ஊறினால் அது தெளிந்துவிடும். ஊறாத இடமும் காற்றுக் குமிழியும் வெள்ளையாய்க் காட்டிக் கொடுக்கும். கார்பனோ கறுப்பு. குறையை உள்ளே மறைத்துக்கொண்டு மேலே பளபளக்கும். கற்பவன் கண்ணாடி இழையில் தொடங்க வேண்டும் என்று நாம் சொல்வதற்கு விலை மலிவு இரண்டாவது காரணம். இதுவே முதற் காரணம். பழுது பார்க்கும் முதியவர் ஒருவர் அந்த இளைஞரிடம், "மக்களே, முதல்ல தப்பு கண்ணுல படுகிற துணியில செய்து பாரு" என்றார்.

அவசரத்தின் பலனை இக்கரை அறியும். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பிறகு, இழந்த படகுகளை விரைந்து கொடுக்க வேண்டியிருந்தபடியால் தமிழகக் கரையெங்கும் புதிய பைபர் பட்டறைகள் தோன்றின. அவற்றுட் சிலவற்றின் வேலைத்தரம் பற்றிப் பின்னர் குறைகள் எழுந்தன.

நாமும் கல்லூரி நாட்களில் ஸ்கூட்டர் மூடி ஒன்று செய்யப் புகுந்தவர்களே. அச்சுக்குச் சரியாக மெழுகிடவில்லை. மூடியும் அச்சும் ஒன்றாகிவிட்டன. எபாக்ஸி முழுவதையும் ஒரே டப்பாவில் கலந்ததால் அது கொதித்துப் புகைந்தது. சிறு அளவாக, தராசில் நிறுத்தே கலக்க வேண்டும், கண்ணளவு உதவாது. பாலியெஸ்டர் ரெசினில் இன்னும் பெரிய ஆபத்து உண்டு. அதில் சேர்க்கும் கோபால்ட் ஆக்சிலரேட்டரையும் பெராக்சைடு கேட்டலிஸ்டையும் நேரே ஒன்றோடொன்று கலந்தால் வெடிக்கும். ஒன்றை ரெசினில் நன்றாகக் கலந்த பின்னரே மற்றதைச் சேர்க்க வேண்டும். இறுகிய பாகத்தை உப்புத்தாள் கொண்டு தேய்க்கும் தூசி நுரையீரலுக்கும் தோலுக்கும் ஆகாது. நீர் தெளித்துத் தேய்ப்பதும் முகக்கவசமும் அவசியம். குழந்தைகள் உறங்கும் வீட்டுத் திண்ணை இதற்கு இடமன்று.

கடலோரத்துக்கே உரிய இடைஞ்சல் ஒன்றும் உண்டு. கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். உப்புக் காற்றில் அது அலுமினியத்தோடு நேரே ஒட்டியிருந்தால் அலுமினியம் அரித்துப் போகும். இடையில் கண்ணாடி இழை அடுக்கு ஒன்று வைத்தால் தடுக்கலாம். இதையும் வள்ளப் பட்டறையில் பழகியவன் எளிதில் செய்வான்.

ஹாண்டில்பார் விஷயத்தில் நமக்கு இரண்டாவது எண்ணம் இல்லை. எஃகு வளைந்து முன்னெச்சரிக்கை தரும். கார்பன் பாகம் பெரும்பாலும் வளையாமல் சட்டென்று முறியும். விமானத்துக்கும் பந்தயக் காருக்கும் இதே பொருளைப் பயன்படுத்துவோர் அழுத்த அடுப்பும் சோதனைக் கருவிகளும் வைத்திருக்கிறார்கள். திண்ணையில் அவை ஏது? அன்றியும், 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டிகளில் செய்யும் மாற்றங்களுக்கு வரம்பு கட்டியிருக்கிறது. முறிந்தால் ஓட்டுபவரைத் தள்ளாத பாகங்களோடு நிற்பதே முறை.

மனுவை நிராகரிக்க வேண்டும் என்பது நம் கருத்தன்று. பையனிடம் ஊக்கம் இருக்கிறது. கடற்தொழிலையன்றி வேறொன்றை ஊரிலேயே தேடுபவனைத் திருப்பி அனுப்புவது கூட்டுறவாகாது. ஆயினும் முழுத் தொகையையும் கார்பன் துணிக்குக் கொடுத்தால் முதல் மாதத்திலேயே பாதி குப்பைக்குப் போகும். இறுகிய ரெசினை உருக்கி மீண்டும் பயன்படுத்த இயலாது. ஆறு மாதம் வள்ளம் பழுது பார்ப்போருடன் பழகட்டும். பின்னர் தராசு, முகக்கவசம், காற்றோட்டமான கொட்டகை ஆகியவற்றைச் சங்கமே பொதுவில் ஏற்படுத்தி, துணிக்கு மட்டும் சிறு தவணைகளாகக் கடன் வழங்கலாம். நிர்வாகஸ்தர்களிடம் இதையே எழுதிக் கொடுத்திருக்கிறோம். மனுதாரர் ஹாண்டில்பாரைத் தம் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார், சற்று மனவருத்தத்துடன்தான்.